ஊரில் யாரும் இருமக் கூடாது

குமாசியில் குடித்தனம் நடத்தும் மதிப்பிற்குரிய தபுவோ அண்ணனுக்கு, தம்பி பாயோர் பணிவுடன் எழுதுவது. இங்கே நான் நலம், பிலோமினா நலம், ஆடுகள் நலம். உங்கள் மாமியார் மட்டும், தனக்கு நலமில்லை என்று தெரிவிக்கச் சொன்னார். அங்கே அண்ணியும் பிள்ளைகளும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

நிற்க. நம் ஊர் சுகாதார நிலையத்துக்குக் கூரை இருக்கிறது, கட்டில் இருக்கிறது, டாக்டர் மட்டும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், மூன்று சக்கர மோட்டார் வண்டியிலேயே என் மருமகள் பிள்ளை பெற்றதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இந்த நிலையில் ஊர்ப்புறப் பயிற்சிக்கென்று அபோகா என்ற டாக்டர் படிப்புப் பெண்ணை என் வீட்டில் தங்க வைத்தார்கள். ஃப்ராஃப்ரா இனத்துக்காரி; நம் இனத்துக்கு அவர்கள் கேலி முறை, என்ன வைதாலும் கோபிக்கக் கூடாது. முதல் நாள் களியைப் பிட்டு வாயில் போடுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"மாமா, நான் மூளை ஆபரேஷன் டாக்டரா வரப்போறேன். இங்க பாத்தா சளி, இருமல், வயித்துவலி! இதுக்கா விழுந்து விழுந்து படிச்சேன்? சுவாரசியமா ஒரு நோயாளி இருந்தா காட்டுங்க, இல்லேன்னா கிளம்பற நாள எண்ணிட்டு உக்காந்திருப்பேன்."

ஊர்த் தலைவர் காதில் இதைப் போட்டது நான்தான். உடனே கூட்டம் கூட்டிவிட்டார். "இன்னையிலேருந்து ஊர்ல எவனும் இருமக் கூடாது. இருமல் வந்தா சோளக்காட்டுக்குப் போய் இருமிட்டு வா. விசித்திரமா நோய் வந்தாத்தான் அந்தப் பொண்ணு இங்க தங்குவா!"

அண்ணா, அதற்கப்புறம் நடந்த கூத்தை என்னவென்று எழுத! பறை அடிக்கும் ஸியேமுக்கு இடது கை நிற்காமல் தாளம் போட்டது, தேவாலயத்தில் பாதிரியார் முதுகில்கூடப் போட்டது. தலைவரின் தம்பி பின்பக்கமாகவே நடந்து நடந்து, பிலோமினா காய்ச்சி வைத்திருந்த பீட்டோச் சோளக்கள் பானைக்குள் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த வேஷம், பெண்டாட்டி பிலோமினாவின் பெயரையே மறப்பது. அதை அவ்வளவு கச்சிதமாகச் செய்துவிட்டேன் போலிருக்கிறது, இன்றைக்கும் பெயரைச் சொன்னால்தான் தட்டில் களி விழுகிறது. அபோகாவோ எல்லாவற்றையும் கண் விரியக் கேட்டுக்கொண்டாள். நாங்களும் மீன் சிக்கிவிட்டது என்று இருந்தோம்.

கடைசியில் கெடுத்தது தலைவர்தான். தன் கட்டளைக்குத் தானே கட்டுப்பட்டு நாள் கணக்கில் இருமலை விழுங்கியவர், கூட்டத்தின் நடுவே வெடித்துச் சரிந்து விழுந்தார். அவள் குழாயை நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டு, "நாய்த்தல திங்கிற கூட்டமே, நிமோனியாவ ஒளிச்சு வெச்சுட்டுக் கூத்தாடறீங்களே!" என்று கேலி முறை வசவோடு கத்தினாள். தலைவரை மடியில் சாய்த்துக்கொண்டு அதே மூன்று சக்கர வண்டியில், அதே குண்டும் குழியுமான ரோட்டில் போனாள். தலைவர் பிழைத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திரும்பி வந்தவள், "மூளைய வேற யாராவது பாத்துக்கட்டும் மாமா. இருமல் பாக்கற டாக்டராவே இந்த ஊருக்கு வரேன்" என்றாள். அன்று மாலை ஊரே மனம் விட்டு இருமியது!

அண்ணிக்கு அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் மாமியாருக்கும் இனி உள்ளூரிலேயே டாக்டர்.

பணிவுள்ள தம்பி,
பாயோர்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அபோகா போன் செய்துவிட்டாள். "மாமா, வரேன்னு சொன்னது சொன்னதுதான். ஆனா மனநோய் டாக்டரா வரேன். மொத்த ஊரும் ஒரே இடத்துல இப்படிக் கெடைக்க எங்க வாத்தியாருங்களுக்கே குடுத்து வெக்கல!" கேலி முறைக்காரி, விளையாட்டா நிஜமா தெரியவில்லை. தலைவர் அதற்குள் தண்டோரா போட்டுவிட்டார்: அவள் வந்து சேரும்வரை ஊரில் யாரும் தெளிந்துவிடக் கூடாது.