வானூர்திச் சட்டமும் மட்டன் றோல்ஸும்

விமானியாவதற்குத் துணிச்சல் வேண்டும் என்பார்கள். என் அனுபவத்தில், வளையக் கோப்பைத் திறந்து தாள் மாற்றும் பொறுமைதான் வேண்டும். அது எனக்கு அறவே கிடையாது.

அப்போது நாங்கள் லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் குடியிருந்தோம். நான் விமானி உரிமத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். சட்டப் பரீட்சைக்கு விதிப் புத்தகத்தைக் கொண்டுபோகலாம். (ஆகா, என்ன சுகம் என்று நினைத்தேன்.) ஆனால் அது அச்சிட்ட மூலப் பிரதியாக இருக்க வேண்டும், கையால் ஒரு குறிப்பும் எழுதியிருக்கக் கூடாது, கடைசித் திருத்தம் வரை சேர்த்திருக்க வேண்டும். விதி மாறும்போதெல்லாம் தபாலில் புதிய தாள்கள் வரும். பழையதைக் கழற்றிப் புதியதைக் கோக்க வேண்டும். நான் உறைகளைப் பிரிக்காமலே சேர்த்து வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை பரீட்சை. சனிக்கிழமை பின்னேரம் சோபாவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தேன். கழற்றிய தாள்கள் இடப்பக்கம், புதியவை வலப்பக்கம். நடுவில் தேத்தண்ணீர் போட எழுந்து போனவள், திரும்பி வந்து எதிர்ப்பக்கமாக உட்கார்ந்துவிட்டேன். இடம் வலமானது, வலம் இடமானது. (இவள்தான் விமானம் ஓட்டப் போகிறவள்.) மளமளவென்று கோத்து முடித்தேன்.

அந்த நேரம் பார்த்து என் கணவர் அமல் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். பாரிஸில் உணவகமொன்றில் வேலை செய்துவிட்டு லண்டன் வந்தவர். மறுநாள் எங்கள் கத்தோலிக்கக் கோயில் திருநாளுக்கு மட்டன் றோல்ஸ் பொரிப்பது அவர் பொறுப்பு.

"தட்டுக்கு விரிக்க, றோல்ஸ் சுத்திக் குடுக்க ஏதும் பேப்பர் கிடக்கோ?"

"ஓம், இந்தாங்கோ. எல்லாம் பழசு."

"நல்ல மொத்தமான பேப்பர். எண்ணெய் ஊறாது," என்று சந்தோஷமாக வாங்கிப் போனார்.

ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் றோல்ஸ் கடித்துக்கொண்டிருந்தபோது, அதைச் சுற்றித் தந்த தாளை வாசித்தேன். மூடுபனியில் தரையிறங்குவது பற்றிய விதி. அட, இது நான் படித்த மாதிரி இல்லையே என்று நினைத்தபடி அடியில் பார்த்தால், இந்த வருடத்துத் தேதி!

கடித்த றோல்ஸோடு அமலிடம் போனேன்.

"அமல்! இது புதுசு!"

"ஓம், இப்பதான் பொரிச்சது."

"றோல்ஸ் இல்லை, பேப்பர்!"

"நீர்தானே தந்தனீர்?"

வீட்டில் அச்செடுத்தது செல்லாது, அடுத்த பரீட்சைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஃபாதரிடம் ஓடினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒலிவாங்கியை எடுத்தார்.

"பிள்ளையள், றோல்ஸ் சாப்பிட்ட ஆக்கள் பேப்பரை எறியாதேங்கோ. டிலானியிட்டைக் கொண்டுவந்து குடுங்கோ. நாளைக்குப் பிளேன் விழாமல் இருக்கிறது உங்கட கையிலதான் இருக்கு."

வரிசையாக வந்தார்கள், நற்கருணைக்கு வருவதுபோல.

"நான் கை துடைச்சுப்போட்டன் பிள்ளை, பரவாயில்லையோ?" என்றார் ஒரு பெரியவர். கெச்சப்போடும் சில வந்தன. ஒரு தாள் மட்டும் இல்லை. ஒரு அக்கா அதில் றோல்ஸைச் சுற்றிக்கொண்டு லண்டனின் மறுகோடியிலுள்ள இல்ஃபோர்டுக்கே போய்விட்டாராம். அமல் காரை எடுத்துக்கொண்டு போய், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து மீட்டு வந்தார். நான் வீட்டில் ஒவ்வொரு தாளாகத் துடைத்து, எண்ணெய் உறிஞ்சும் சமையலறைக் காகிதத்தின் நடுவே வைத்து, இஸ்திரி போட்டுக் கோத்தேன். வீடெல்லாம் பொரித்த மணம்.

மறுநாள் பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வையாளர் என் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். மறுபக்கத்து எழுத்தெல்லாம் தெரிந்தது.

"இது என்ன?"

"எண்ணெய்."

"விமான எண்ணெயா?"

"இல்லை. சமையல் எண்ணெய்."

முகர்ந்து பார்த்தார். இன்னொருவரை அழைத்து வந்தார். அவரும் முகர்ந்தார். எண்ணெய் என்பது கையால் எழுதிய குறிப்பாகுமா என்று இருவரும் மெல்லிய குரலில் ஆலோசித்தார்கள். கடைசியில், "எல்லாத் திருத்தமும் இருக்கிறது," என்று கொடுத்துவிட்டார். என் பக்கத்து மேசை இளைஞன் பரீட்சை முழுவதும் எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தான். பாவம், பசி போலும். நான் மயிரிழையில் தேறினேன்.

இன்று நான் துணை விமானி. விதிகள் கையடக்கக் கணினியில் தாமாகவே புதுப்பித்துக்கொள்கின்றன. ஆனால் எங்கள் கோயிலில் நான் வந்து தட்டில் விரித்த பேப்பரைப் பார்த்து அனுமதி கொடுக்காமல் இன்றுவரை ஒருவரும் றோல்ஸில் கை வைப்பதில்லை. இந்த முறை திருநாளன்று எனக்கு ஸ்பெயினில் வேலை. புறப்பட ஆயத்தமாகிச் சீருடையோடு நிற்கிறேன், ஃபாதரிடமிருந்து வீடியோ அழைப்பு.

"டிலானி, சனம் பசியில நிக்குது. கெதியாப் பாத்துச் சொல்லும்."

திரையில் தட்டு தெரிந்தது. பக்கத்தில் நின்ற கேப்டன் என்னவென்று புரியாமல் பார்த்தார்.

"அந்த மூலையைக் கொஞ்சம் தூக்குங்கோ ஃபாதர்," என்றேன். "தேதி தெரியேல்ல."