குடைக் காக்கா எழுதிய திருகோணமலை

திருகோணமலையை முழுதாக அறிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அதைப் படைத்த கடவுள். மற்றவர் கண்டியில் குடை தைத்துக்கொண்டிருந்த காக்கா. கடவுளாவது எப்போதாவது போய்ப் பார்த்திருப்பார். காக்கா ஒரு நாளும் போனதில்லை.

குடைக் காக்கா என்பது ஊர் வைத்த பெயர். உம்மாவும் வாப்பாவும் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும்; அதைக் கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். இவர் மட்டும் சாதி மதம் பாராமல் கண்டி முழுவதற்கும் அண்ணன். புகையிரத நிலையத்துக்கு எதிரே ஒரு சாக்கை விரித்து, கம்பியும் நூலும் குறடுமாக உட்கார்ந்திருப்பார். கண்டியில் மழைக்குப் பஞ்சம் இல்லாததால் அவருக்கும் வேலைக்குப் பஞ்சம் இல்லை.

குடை ரிப்பேர் அவருடைய தொழில். திருகோணமலை அவருடைய பைத்தியம். அந்த ஊருக்குக் கோச்சி, அதாவது ரயில், ஓடத் தொடங்கிய நாளிலிருந்து, அங்கே போய்வந்தவர் எவராவது குடையோடு அகப்பட்டால் தொலைந்தார். முதல் வேலையாகக் குடையின் கம்பி எட்டையும் கழற்றிவிடுவார். பிறகுதான் விசாரணை ஆரம்பமாகும்.

"எங்க தங்கினீங்க? பாயா, கட்டிலா? மூட்டப்பூச்சி ஈக்கா?"

"காக்கா, மழை தூறுது. குடையைத் தாங்க."

"தாறேன், தாறேன். மீன் கறியில பழப்புளி போட்டா, கொறுக்காப் புளி போட்டா? அதச் செல்லிட்டுப் போங்க."

பதில் சொன்னால் கம்பி ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். ஒருமுறை அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்க்கும் பெரிய கிளாக்கர் ஒருவர் கோணேசர் மலையைப் பற்றிச் சரியாகச் சொல்லத் தெரியாமல் ஏழு கம்பிக் குடையோடு வீட்டுக்குப் போனார். எட்டாவது கம்பி, அவர் மனைவி வந்து மலையை விவரித்த பிறகுதான் கிடைத்தது.

அப்படியானால் நேரே போய்ப் பார்த்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். மூன்று முறை புறப்பட்டார். மூன்று முறையும் கடுகண்ணாவையைத் தாண்டவில்லை. அங்கேதான் கோச்சி மலையின் ஓரமாக இறங்கத் தொடங்கும். ஜன்னலுக்கு வெளியே பாதாளம் தெரியும். காக்கா கண்ணை மூடுவார், கலிமாச் சொல்வார், வயிற்றில் இருப்பதையெல்லாம் இறக்கிவைப்பார். கடைசியில் தானும் இறங்கி, கண்டிக்கு நடந்தே திரும்பிவிடுவார். மூன்றாம் முறை பக்கத்தில் இருந்தவரின் மடியில் இறக்கிவைத்ததால், புறப்படும் எண்ணத்தையே விட்டுவிட்டார்.

இந்த இடத்தில் நான் வருகிறேன். வராமலிருந்தால் எல்லோருக்கும் நல்லதாக இருந்திருக்கும்.

கண்டியின் திருகோணமலை வீதியில் இருந்த ஓர் அச்சுக்கூடத்தில் நான் பிழை திருத்துபவன். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சிறு வயதில் வந்து கண்டியில் வளர்ந்தவன். இலக்கணம் படித்திருந்தேன். அதாவது, படித்திருக்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். சாப்பாட்டுக் கடை விலைப்பட்டியலில் ஒற்று விட்டுப்போயிருந்தால், சாப்பிடாமல் எழுந்து வந்துவிடுவேன். இதனால் நான் அந்த வயதில் மிகவும் மெலிந்திருந்தேன்.

எங்கள் முதலாளிக்கு ஒரு யோசனை பிறந்தது. திருகோணமலைக்குப் போகும் கூட்டம் கூடுகிறது; தங்குமிடம், சாப்பாடு, பார்க்க வேண்டிய இடங்கள் எல்லாம் அடங்கிய சிறு புத்தகம் ஒன்று போட்டால் என்ன? எழுதுவதற்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. காக்கா மறுநாளே கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்து வைத்தார். எத்தனையோ மாதமாக எழுதி வைத்திருந்திருக்கிறார்.

அதைப் படித்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது. இப்படி இருந்தது அவருடைய நடை:

'கன்னியாவில் வெந்நீர்க் கிணறு ஏழு. ஒன்றில் சூடு தாங்காது என்று தெல்தோட்டைக் கங்காணி சொன்னார். தாங்கும் என்று அவர் சம்சாரம் சொன்னா. கோட்டைக்குள் மான் நிற்கும். ரொட்டி கொடுத்தாலும் நிற்கும், கொடுக்காவிட்டாலும் நிற்கும். கடல் காலையில் நீலமாக ஈக்கி என்று மூன்று பேர் சொன்னார்கள். நாலாவது ஆள் அந்த நேரம் தூங்கிவிட்டார்.'

"காக்கா, இது புத்தகமா, கோர்ட்டு சாட்சியமா?" என்று கேட்டேன்.

"நான் கண்டில்லையே தம்பி. கண்டவங்க செல்லினதத்தானே எழுதோணும். அவங்க செல்லின மாதிரியே எழுதினாத்தான் நாணயம்."

நாணயத்தை இலக்கணம் ஏற்றுக்கொள்ளாது என்பது என் கட்சி. சாட்சிகளை எல்லாம் கலைத்தேன். மான்களைத் துள்ளி விளையாட விட்டேன். கடலுக்கு நீலத் திரை போர்த்தினேன். 'ஈக்கி' என்று வந்த இடமெல்லாம் 'உள்ளது' என்று மாற்றினேன். அப்படியே தங்குமிடம் பகுதிக்கு வந்தேன்.

அதில் ஒரு விடுதியை அவர் தாராளமாகப் புகழ்ந்திருந்தார். கடற்கரைக்கு அருகே ஓட்டு வீடு, மூன்று அறை, நடத்துபவர் ஒரு விதவை அம்மா. அங்கே தங்கி வந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்: 'அக்கா நல்லாய்க் கதைப்பா. சாப்பிடேக்கை பக்கத்தில் நிண்டு கதைப்பா. பிள்ளையள் வந்தால் இன்னும் கூடக் கதைப்பா. வெளிக்கிடேக்கையும் வாசல் மட்டும் வந்து கதைச்சுப்போட்டுத்தான் விடுவா.'

கதைப்பாவாம். கதை என்றால் பெயர்ச்சொல். அதை எப்படி ஐயா வினையாக்குவது? சிவப்பு மையைத் தொட்டு நான் திருத்தியது இது: 'விடுதித் தலைவி நன்றாகப் பேசுவார். உணவு உண்கையில் அருகில் நின்று பேசுவார். குழந்தைகள் வந்தால் இன்னும் அதிகமாகப் பேசுவார். விடைபெறும்போதும் வாயில் வரை வந்து பேசிவிட்டே அனுப்புவார்.'

என்ன அழகு என்று நானே இரண்டு முறை வாய்விட்டுப் படித்தேன்.

கண்டியில் யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர்கள் நிறைய. விடுமுறைக்குத் திருகோணமலை போகிறவர்களில் அவர்களே அதிகம். அவர்கள் பேச்சில், கதைப்பது என்றால் உரையாடுவது. பேசுவது என்றால் திட்டுவது. 'அம்மா எனக்குப் பேசிப்போட்டா' என்று பிள்ளைகள் அழுவதைத் தினமும் என் காதால் கேட்டிருக்கிறேன். ஆனால் நான் காதை மூடிக்கொண்டு இலக்கணம் படித்தவன்.

புத்தகம் வெளிவந்தது. அட்டையில் 'தொகுத்தவர்: குடைக் காக்கா' என்று போட்டிருந்தோம். அவர் பத்துப் பிரதி வாங்கி, திருகோணமலை போகிற எவருக்கும் குடையோடு சேர்த்துக் கையில் திணித்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, மெலிந்த ஒரு அம்மா, வெள்ளைச் சேலை, கையில் எங்கள் புத்தகத்தோடு அச்சுக்கூடத்துக்குள் வந்தார்.

"ஆர் இதை எழுதினது?"

முதலாளி கதிரையிலிருந்து எழுந்தார். "என்ன விஷயம், சொல்லுங்கம்மா."

"நான்தான் அந்த விடுதி நடத்திறனான். நான் ஆருக்குப் பேசினனான்? வாற சனத்தை என்ரை சொந்தம் மாதிரிப் பாக்கிறனான். வருஷா வருஷம் வாற குடும்பம் ஒண்டு இந்த முறை வரேல்லை. என்னெண்டு கேட்டு எழுதினன். 'சாப்பிடேக்கையும் நிண்டு பேசுவியளாமே, பிள்ளையளுக்குக் கூடப் பேசுவியளாமே, எங்களுக்குப் பயமாய்க் கிடக்கு' எண்டு காயிதம் வந்திருக்கு. மூண்டு அறையும் சும்மா கிடக்குது. நான் என்னத்தைக் கொண்டு சீவிக்கிறது?"

கடைசிக் கேள்வியை அவர் கத்திக் கேட்கவில்லை. தாழ்ந்த குரலில்தான் கேட்டார். எனக்கு அப்போதுதான் 'பேசுவார்' என்ற சொல்லின் முழுப் பொருளும் விளங்கியது. உடனே அச்செழுத்துப் பெட்டிகளின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

காரணம் இருந்தது. போன மாதம்தான் முதலாளி ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பியிருந்தார். ஒரு கல்யாணப் பத்திரிகையில் மணமகன் பெயரும் மணமகளின் தகப்பனார் பெயரும் இடம் மாறிவிட்டன. அடுத்தது யாராக இருந்தாலும் இதே கதிதான் என்று சொல்லியிருந்தார். என் சம்பளத்தை நம்பி வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் இருந்தார்கள். இலக்கணம் அறிந்த வீரன் கூனிக் குறுகி நின்றேன்.

முதலாளி ஆளனுப்பிக் காக்காவைக் கூப்பிட்டார். "கையெழுத்தையும் கொண்டுவரச் சொல்" என்றார். காக்கா அவசரமாக வந்தார். அக்குளில் அந்தக் காகிதச் சுருள். அச்சானதும் நினைவுக்கு வேண்டும் என்று திருப்பி வாங்கிப்போயிருந்தார். அதில் அவர் எழுதியதும் இருந்தது, என் சிவப்பு மையும் இருந்தது.

அம்மா புத்தகத்தை அவர் முன் விரித்துப் பிடித்தார். காக்கா எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒரு தரம் பெட்டிகளின் பக்கம் பார்த்தார். என் கால் தெரிந்திருக்க வேண்டும்.

"என்ட புத்தகம்தான் தங்கச்சி" என்றார். "பிழ நடந்திட்டு. மன்னிச்சுக்கொள்ளோணும்."

"நீங்கள் எழுதினதோ காக்கா?"

"என்ட பேர்தானே போட்டீக்கி."

அதன் பிறகு அந்த அம்மா பேசினார். யாழ்ப்பாணத்து அர்த்தத்தில் பேசினார். ஒரு கால் மணி நேரம் மூச்சு விடாமல் பேசினார். காக்கா தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். சுருளை அக்குளில் இறுக்கிப் பிடித்திருந்தார். அதை விரித்துக் காட்டினால் போதும், விஷயம் முடிந்துவிடும். அவர் விரிக்கவில்லை.

முதலாளி கடைசியில் சொன்னார்: "காக்கா, இந்தப் புத்தகம் இனிமே விற்பனைக்கு இல்ல. மிச்சப் பிரதியெல்லாம் கிழிச்சுப் போடப் போறேன். அந்தக் கையெழுத்தைக் குடுத்துட்டுப் போங்க, அதையும் சேர்த்துக் கிழிக்கணும்."

காக்காவின் முகம் அப்போதுதான் மாறியது. சுருளை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "இது மட்டும் என்ட்ட ஈக்கட்டும் முதலாளி" என்றார்.

நான் வெளியே வந்தேன். எப்படி வந்தேன் என்று தெரியாது. வழியில் முழங்கை இடித்து ஒரு பெட்டி எழுத்து கவிழ்ந்து, வந்ததை எல்லோருக்கும் அறிவித்தது.

"அவர் 'கதைப்பா'ன்னுதான் எழுதினார்" என்றேன். "நான்தான் 'பேசுவார்'னு மாத்தினேன்."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீரோ? படிச்சனீரோ?"

"படிச்ச புள்ளதான் தங்கச்சி" என்று முந்திக்கொண்டார் காக்கா. "கொஞ்சம் கூடப் படிச்சிட்டார். அதுதான் வந்த பிழ."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலாளிக்கு வரவில்லை. ஆனால் சிரிக்கும் வாடிக்கையாளர் முன்னால் ஆளை வீட்டுக்கு அனுப்புவது அவர் வழக்கமில்லை. மிச்சப் பிரதிகள் அத்தனையிலும் சரியான வரியை அச்சிட்டு நானே ஒட்ட வேண்டும், வெளியே போனவற்றுக்காக அந்த அம்மாவைப் பற்றி நல்லதாக ஒரு துண்டுப் பிரசுரம் இலவசமாகப் போட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. துண்டுப் பிரசுரத்தின் வாசகத்தை அந்த அம்மாவே சொல்லச் சொல்ல எழுதினேன். ஓர் ஒற்றுகூடச் சேர்க்கவில்லை. அடுத்த விடுமுறைக்குள் மூன்று அறையும் நிறைந்துவிட்டதாகக் காயிதம் வந்தது.

பிரதிகளை ஒட்டி முடிக்க ஒரு வாரம் ஆயிற்று. காக்கா தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பசை தடவிக் கொடுத்தார். ஒரு நாள் கேட்டேன், ஏன் அன்று சுருளை விரித்துக் காட்டவில்லை என்று.

"தம்பி, ஒங்களுக்கு இது வேல. எனக்கு இது ஆசை" என்றார். "ஆசை போனா மனிசன் பட்டினி கெடக்க மாட்டான்."

அந்த மனிதர் மீது அன்றைக்கு எனக்கு உண்டான பாசம் ஒரு சொந்த அண்ணன் இருந்திருந்தால் அவர் மீதுகூட உண்டாகியிருக்காது. அதைச் சொல்லத் தெரியாமல், "பசை அதிகமாப் போச்சு காக்கா" என்று மட்டும் சொன்னேன்.

மறு வருடம் இரண்டாம் பதிப்பு வந்தது. கங்காணி வந்தார், கங்காணியின் சம்சாரம் வந்தார், தூங்கிப்போன நாலாவது ஆளும் வந்தார். கடல் நீலமாக 'ஈக்கி' என்றே அச்சாயிற்று. அதற்குப் பின் எத்தனையோ பேர் எழுதியதை நான் திருத்தியிருக்கிறேன். காக்கா எழுதியதில் மட்டும் ஒரு புள்ளிகூடத் தொடவில்லை. தொட எனக்கு மனம் வரவில்லை.