இடது கதவில் ஒட்டாத காந்தம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம், காரைத் தவிர. நீயும் உன் பெண்டாட்டியும் சுகமா என்று வழக்கமாக முதலில் கேட்பேன். இந்தத் தடவை அதைக் கடைசியில் கேட்கிறேன், கேட்க மனசு வந்தால். முதலில் எங்கேயாவது உட்கார். நான் நின்றுகொண்டு பார்த்ததால்தான் வாளிக்குள் உட்கார வேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை வந்து உன் அத்தான் விட்டுப்போன காரை எடுத்துக்கொண்டு போ என்று போனில் சொன்னேன் அல்லவா? அந்த வண்டி மேல் மாப்பிள்ளைக்கு ஒரு கண். அது தெரிந்தும் உனக்குத்தான் என்றேன். ஏன் என்று மகள் கேட்டாள். சொன்னேன். நீ எனக்குச் செய்ததெல்லாம் எனக்கு மறக்கவில்லை. என் கல்யாணப் போட்டோவில் பின்னால் நின்று நாக்கை நீட்டியது, மழைக்கு என்று வாங்கிப் போன என் நீலக் குடையை இன்றுவரை திருப்பாதது, என் பாட்டைக் கேட்டுவிட்டு வாசல் கதவுக்கு எண்ணெய் போடச் சொன்னது, எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனால் மகள் கல்லூரியில் படித்த காலத்தில், நான் கடைக்குப் போய் வருவதற்குள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அந்தக் கருநீலக் காரை ஓட்டிக்கொண்டு போனாயே, நான் உன்னைத் திட்டித் தீர்த்தேனே, நாலு நாள் கழித்து நீ கொண்டுவந்து நிறுத்தியபோது அதில் என் முகம் தெரிந்தது. "என்னடா இது?" என்றேன். "அத்தானுக்காக நானே கையால பாலிஷ் போட்டேன்க்கா" என்றாய். காபிகூடக் குடிக்காமல் ஓடினாய். உன்னைக் கண்டாலே செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டிருந்த உன் அத்தான் அன்றைக்கு வாசல்வரை வந்து உன்னைக் கட்டிப்பிடித்தார். அந்த ஒரு மினுமினுப்புக்காகத்தான் மற்றதையெல்லாம் ஓரமாக வைத்திருந்தேன்.

அதனால் உனக்குக் கொடுக்குமுன் வண்டியை அதே மாதிரி மின்னவைக்க வேண்டும், அதுவும் கையால்தான் என்று நான் துணியும் மெழுகு டப்பாவுமாக இறங்கினேன். மாப்பிள்ளை கடையிலிருந்து ஒரு மெஷினை வாங்கிவந்து நின்றார். பார்க்க இஸ்திரிப் பெட்டிக்கும் மிக்ஸிக்கும் பிறந்தது போல இருந்தது. "அத்தை, கையால தேய்ச்சா தூசிதான் போகும், கீறல் போகாது. முதல்ல மெஷினால பாலிஷ், அது மேலாக லேசா சீவி எடுக்கும். அப்புறம்தான் மெழுகு, அது மூடிக் காப்பாத்தும்" என்றார். "உங்க மாமனார் ஓட்டின வண்டியில கீறல் ஏது மாப்பிள்ளை?" என்றேன். நீயே சொல், அந்த மனுஷன் எப்போதாவது எதிலாவது இடித்ததுண்டா? நான் ஸ்டியரிங்கைத் தொட்டாலே, "உனக்கு அளவு தெரியாது, சுவத்துல ஏத்திடுவே" என்பார். அதைக் கேட்டுக் கேட்டே நான் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை.

கடைசியில் வலது பக்கம் எனக்கு, இடது பக்கம் மெஷினுக்கு என்று பிரித்துக்கொண்டோம். அப்போதுதான் மகள் சமையலறையிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்து, "இடது கதவுல மட்டும் மெஷின் வேண்டாங்க, சொன்னாக் கேளுங்க!" என்று கத்தினாள். கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக அம்மா பக்கம் பேசுகிறாளே என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மாப்பிள்ளை கேட்கவில்லை. மெஷினின் பஞ்சு வட்டை வண்டியில் வைத்து அழுத்திவிட்டு ஸ்விட்சைப் போட வேண்டுமாம், இவர் அந்தரத்தில் பிடித்துக்கொண்டு போட்டார். பாலிஷ் அத்தனையும் பறந்து காய்ந்துகொண்டிருந்த போர்வையிலும் என் மூக்குக்கண்ணாடியிலும் அப்பியது. என் பக்கத்திலும் சுகமில்லை என்று வைத்துக்கொள். மெழுகை ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவது போலத் தாராளமாகத் தடவினேன், வெயில் வந்து அதைக் கல்லாக்கிவிட்டது, நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. அது வெயிலின் குற்றம். அந்த நேரத்தில் யாரோ மாப்பிள்ளைக்குப் போன் பண்ண, ஒரு கையில் போன், ஒரு கையில் மெஷின், இடது கதவில் ஒரே இடத்தில் நின்று சுற்றுகிறது. கருகின வாசனை வந்த பிறகுதான் எடுத்தார்.

கதவு நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு நீலம் போய்விட்டது. உள்ளே தகரம் தெரியவில்லை தம்பி. சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி ஏதோ. "அத்தை, இது பட்டி. பள்ளத்துல பூசி மேல பெயிண்ட் அடிச்சிருக்காங்க. வண்டி நல்லா அடி வாங்கியிருக்கு" என்றார் மாப்பிள்ளை. பிரிட்ஜிலிருந்து காந்தத்தை எடுத்துவந்து வலது கதவில் வைத்தார், கவ்விக்கொண்டது. இடது கதவில் வைத்தார், என் காலடியில் விழுந்தது. நான் அப்படியே பின்னால் இருந்த தண்ணீர் வாளிக்குள் உட்கார்ந்துவிட்டேன்.

அவரைத் தவிர அதைத் தனியாக எடுத்துப் போனவன் நீ ஒருத்தன்தானே? எங்கேயோ கொண்டுபோய் இடித்து, மாவு பூசி, நீலம் அடித்துவிட்டு, "கையால பாலிஷ் போட்டேன்க்கா" என்று என்னிடமே சொன்னாயே! நீ செய்த ஒரே நல்ல காரியம் என்று இத்தனை வருஷம் நான் துடைத்துத் துடைத்து வைத்திருந்தது இந்தப் பொய்யைத்தானா? பாவம் அந்த மனுஷன், ஒரு தூசி விழவிடாத கை, ஒன்றும் தெரியாமல் உன்னைக் கட்டிப்பிடித்தாரே! கார் உனக்குக் கிடையாது. மாப்பிள்ளை எடுத்துக்கொள்ளட்டும், தப்பு செய்தாலும் என் கண் முன்னால் செய்தார். ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டாம்.

என்ன இருந்தாலும் ஒரே வயிற்றில் பிறந்துவிட்டோம். முழங்கால் வலி இல்லாமல், உன் பெண்டாட்டியின் பேச்சைக் கேட்டுக்கொண்டு நன்றாக இரு. அவளை நான் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
எதையும் மறக்காத உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மகள் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, அது மாமா இடிச்சதில்ல. அப்பா இடிச்சது. நம்ம வாசல் தூண்லதான். நான் பின்சீட்ல இருந்தேன். 'உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா சாகுறவரைக்கும் சொல்லிக்காட்டுவா'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டு மாமாவைக் கூப்பிட்டார். நீ கடையிலேர்ந்து வர்றதுக்குள்ள மாமா ஓட்டிட்டுப் போயிட்டார்" என்றாள். நீ வாங்கிக் கட்டிக்கொண்ட திட்டெல்லாம் அவருக்காகவா? அவர் போட்டோ முன்னால் போய் நின்று, "யாருக்குங்க அளவு தெரியாது?" என்று கேட்டேன்.

எழுதினதைக் கிழிக்கவில்லை, குடை விஷயம் உண்மைதானே. கார் மாப்பிள்ளைக்கும் இல்லை, உனக்கும் இல்லை. அந்தக் கதவுக்குப் பெயிண்ட் அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன், காலையும் மாலையும் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். நீ ஞாயிற்றுக்கிழமை அவசியம் வா. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடு. தூணில் இடித்தால் இடிக்கட்டும், பட்டி பூசத்தான் நீ இருக்கிறாயே.

வரும்போது குடையைக் கொண்டு வா.