டெல்பர்ட் கங்காஸின் ஆயிரம் ஆணிப் படலம்

வாழ்க டெல்பர்ட் கங்காஸ்! வடமிச்சிகன் உறைபனி ஏரிக்கரையில் உதித்த செம்மல், துளைக்கருவி ஏந்திய திண்தோளினன், துருவேறிய நாற்சக்கரத் தேருக்கு ஒரே உடையவன், இரண்டு குளிர்காலம் அடுத்தடுத்துத் தோற்றும் பழி முழுவதையும் டயர்மேல் சுமத்திய மதியூகி! அவன் புகழ் பாடத் துணிந்த என் நாவை, மெக்கானிக் கடைகளைக் காக்கும் தெய்வம் எதுவோ அது காக்கட்டும்!

தோல்வி என்றால் சும்மா தோல்வியன்று. டெல்பர்ட்டுக்கும் அவன் மனைவி மார்லிஸின் அண்ணன் கோர்டிக்கும் இடையே பீர்க்குவளை சாட்சியாக ஓர் உடன்படிக்கை இருந்தது: உறைந்த ஏரிமேல் நடக்கும் கார்ப் பந்தயத்தில் ஜெயிக்காதவன், பனி உருகும் நாள்வரை இரு வீட்டு மீனையும் செதில் தேய்த்துக் குடல் களைந்து கழுவ வேண்டும். இரண்டு ஆண்டாய் நம் வீரனின் விரல்களில் மீன்வாடை குடித்தனம் நடத்திற்று; தேவாலயத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் ஒரு முழம் தள்ளியே உட்கார்ந்தார்கள். அது அவனுக்கு நிஜமாகவே வலித்தது.

ஆகவே வெஞ்சினம் கொண்டு கார்க்கொட்டகை புகுந்தான் வீரன். தேய்ந்த டயர் நான்கினை மடியிற் கிடத்தி, உள்ளிருந்து வெளியே ஒவ்வோர் ஆணியாய்த் திருகித் திருகி, கூர்முனை நிரை ரப்பர்த்தோல் கிழித்துப் பளபளவென்று புறப்படக் கண்டு களித்து, ஆணித்தலைகள் டியூபைக் குத்தாதிருக்கப் பழைய கம்பளத்தை உள்ளே மெத்தையென விரித்து, கட்டைவிரல் கிழிந்தபோதும் கலங்காது, சூப் ஆறியபோதும் எழாது, ஆயிரம் ஆணிகள் அறைந்து தீர்த்தான். பாதிப் பணியில் மார்லிஸ் கதவைத் திறந்தாள்.

"டெல், வாசல்லயே ரெண்டு தடவ வழுக்கிட்டேன். என் பூட்ஸ் அடியில நாலு ஆணி அடிச்சுக் குடேன். அப்படியே உன்னோடதுக்கும் அடிச்சுக்கோ."

வீரன் எழுந்து நின்று முழங்கினான்: "ஒரு ஆணி! ஒத்த ஆணிகூட இந்தக் கொட்டகைய விட்டு வெளிய போகாது! அத்தனையும் உங்க அண்ணனுக்குன்னு வச்சது!"

 வீரன் தரையெங்கும் சிதறவிட்டவற்றில் தன் காலுறையில் குத்திய ஆணிகளை மார்லிஸ் பொறுக்கித் தன் பூட்ஸில் தானே அடித்துக்கொண்டாள்.

புலர்ந்தது போர்நாள். காற்று பெருக்கித் துடைத்த ஏரி கண்ணாடியாய்க் கிடக்க, மீன்பிடிக் குடில்களிலிருந்து திரண்ட மாந்தர் ஆரவாரிக்க, ஏரிக்கரையிலேயே ஆணி டயர் பூட்டப்பெற்ற தேர் கோரப்பல் காட்டிச் சிரிக்க, ஹெல்மெட் எனும் மணிமுடி சூடிய டெல்பர்ட், பகைவன் பார்க்கும்படி மார்பு நிமிர்த்தித் தேர்நோக்கி நடந்தான். நடந்தான் என்பதா! ஆயிரம் ஆணிகளையும் டயருக்கே ஈந்த அவ்வள்ளலின் பூட்ஸடி, வெண்ணெய் தடவியதுபோல் வழவழவென்றிருந்தது. இரு கால்களும் ஒருசேர விண்ணேக, பெருமகன் தொப்பென்று விழுந்தான். வலது மணிக்கட்டு அப்போதே வீங்கிற்று.

கோர்டி தன் காரிலிருந்து தலையை நீட்டினான். "என்ன மாப்ளே, டயருக்குப் பல்லு வச்சே, காலுக்கு வைக்க மறந்துட்டியா? பரவால்ல, எங்க வீட்டுல ரெண்டு வாளி மீன் கெடக்கு. வந்து ஆரம்பி."

அப்போது கரக் கரக் என்று பனியைக் கடித்தபடி ஒரு காலடியோசை வந்தது. மார்லிஸ்தான். கீழே கிடந்த கணவனின் மணிமுடியைக் கழற்றித் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

"கைய ஆட்டாம இரு. நான் ஓட்டுறேன்."

கொடி அசைந்தது. ஆயிரம் பற்களும் ஒருங்கே பனிதுருவ, வெண்புழுதி வான்மறைக்க, அஞ்சனம் அறியா நெடுங்கண்ணாள் வளைவு தோறும் தேரைக் கிள்ளித் திருப்பிச் செலுத்தினாள். தங்கையை மறிக்கப் பாய்ந்த கோர்டி மும்முறை சுழன்று பனிமேட்டில் மூக்குப் புதைத்தான். ஏனைய வண்டிகளும் பின்தங்க, முதலில் வந்தது மார்லிஸ்.

டெல்பர்ட் நல்ல கையை உயர்த்தி ஆர்ப்பரித்தான்: "ஜெயிச்சாச்சு மச்சான்! எடு மீன் கத்திய! இனி என் கையில வாடை அடிக்காது!" அவன் கண்ணில் நீர் துளும்பியது. பாவம், அவ்வளவு சந்தோஷம்.

மார்லிஸ் ஹெல்மெட்டைக் கழற்றினாள், ஏரி அடங்கியது.

"ஒரு நிமிஷம். உங்களுக்குள்ள பேசிக்கிட்டது என்ன? ஜெயிக்காதவன் கழுவணும்னுதானே? ஜெயிச்சது நான். உங்க ரெண்டு பேர்ல எவன் ஜெயிச்சான், சொல்லுங்க பாப்போம்."

திசையெட்டும் எதிரொலிக்க ஏரிமாந்தர் கைகொட்டினர். மலையனைய வீரர் இருவரும் ஒருவர் முகம் ஒருவர் நோக்கினர்; ஊழின் வலிமை உணர்ந்தனர்; உலகாளும் மன்னரும் ஒருநாள் தலைதாழ்வர் என்று தேறினர்.

அன்று சாயங்காலம் கோர்டி மீனைப் பிடித்துக்கொள்ள, டெல்பர்ட் இடது கையால் செதில் தேய்த்தான்.