பத்துக்கு எட்டு வலி

பாட்டில் மூடி ஒரே திருகில் கழன்று கையோடு வந்ததும் அவளுக்குப் பகீரென்றது. நல்லவேளை, கணவர் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் மூடியை மறுபடி இறுக்கி அவரிடம் நீட்டினாள்.

"இதைக் கொஞ்சம் திறந்து குடுங்க. விரல் மடங்க மாட்டேங்குது."

அவர் முக்கிப் பார்த்தார். முடியவில்லை.

"இவ்வளவு இறுக்கமா யாரு மூடினது?"

"எனக்கென்ன தெரியும்?"

முடக்குவாதத்துக்கு ஒரு புதுவகை ஊசியை, ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒன்றாக இலவசமாகப் போட்டார்கள். மூன்றாம் மாதமே அவளுக்கு வீக்கம் வடிந்து, வலி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. வலி வந்த பிறகுதான் சமையல் அவர் கைக்குப் போயிருந்தது. இருபத்தாறு வருஷம் அடுப்படியில் நின்ற கால்கள், இன்னும் கொஞ்ச நாள் உட்கார்ந்திருக்கட்டும் என்று நினைத்தாள். அவ்வளவுதான் அவள் செய்த சதி.

ஒவ்வொரு மாதமும் மருத்துவமனையில் அவர்தான் படிவத்தைப் படித்துக் காட்டுவார். "வலி, பத்துக்கு எவ்வளவு?"

"எட்டு."

ஆறாம் மாதம் நர்ஸ் போனில் கூப்பிட்டாள். "இந்தத் தடவையும் எட்டுன்னா ஊசியை நிறுத்திடுவாங்கம்மா. பலன் இல்லாதவங்களுக்குத் தொடர மாட்டாங்க."

ஊசி நின்றால் விரல்கள் பழையபடி கோணிக்கொள்ளும். ரவிக்கைக் கொக்கியை மாட்டக்கூட ஆள் தேட வேண்டும்.

"அப்ப ரெண்டுன்னு எழுதிக்கங்க சிஸ்டர்," என்று கிசுகிசுத்தாள்.

"போன்ல சொன்னா எழுத முடியாது. நேர்ல வந்து சொல்லுங்க."

"யாரு போன்ல?" என்றார் கணவர்.

"ராங் நம்பர்."

"ராங் நம்பரையா சிஸ்டர்னு கூப்பிட்டே?"

மறுநாள் நர்ஸின் மேஜை முன்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். அவர் கேள்வியைப் படித்தார். அவள் வாயால் எட்டு என்று சொல்லிவிட்டு, மேஜைக்கு அடியில் நர்ஸுக்கு மட்டும் தெரியும்படி இரண்டு விரலைக் காட்டினாள்.

"எட்டுக்கு மேல ரெண்டா?" நர்ஸ் பரிதாபமாகப் பார்த்தாள். "பத்துன்னே போட்டுடறேன்மா."

டாக்டர் படிவத்தில் இருந்த இருபத்தெட்டு மூட்டுகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். கணவர் பக்கத்திலேயே நின்றதால் அவள் ஒவ்வொன்றுக்கும் "அம்மா" என்று முனகினாள். பதினைந்தாவதில் களைத்துப்போய்க் கணக்குத் தவறிவிட்டது.

"நான் இன்னும் தொடவே இல்லையேம்மா," என்றார் டாக்டர்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "ரத்தம் சுத்தமா இருக்கு. வீக்கம் ஒண்ணுகூட இல்லை. வலி மட்டும் பத்து. என் ஆராய்ச்சியில உங்களை எங்க கொண்டுபோய் வைக்கிறது? விதிப்படி, மருந்து பலிக்கலைன்னுதான் எழுதணும்."

பேனா தாளைத் தொட்டது.

"எழுதாதீங்க டாக்டர்." அவள் கணவரைப் பார்க்கவில்லை. "வலி போய் மூணு மாசமாச்சு. சமைக்க அலுப்பா இருந்துச்சு. அதான் சொல்லலை."

கணவர் பதறிப்போய் முன்னால் வந்தார். "நம்பாதீங்க டாக்டர். நல்லா வலிக்குது. தூக்கத்துலகூட முனகறா."

"அப்ப மருந்தை நிறுத்திடவா?"

"அதெப்படி? மருந்து பாட்டுக்கு இருக்கட்டும். வலியும் இருக்கறதா எழுதிக்கங்க."

அவள் இப்போதுதான் அவரைத் திரும்பிப் பார்த்தாள். தன் பித்தலாட்டம் தெரிந்த பிறகும் தன்னை உட்கார வைக்கத்தானே இந்த மனுஷன் மன்றாடுகிறார்.

"போதுங்க. நீங்க கஷ்டப்பட்டது போதும். இன்னியிலேருந்து மூணு வேளையும் நானே சமைக்கிறேன்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்தாள். "டாக்டர், கூட இருக்கறவங்க தனியா எழுதிக் குடுக்கற தாள்ல சார் மூணாம் மாசமே எழுதியிருக்காரே: 'வலி போயிடுச்சு. எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதீங்க. கல்யாணமாகி இப்பத்தான் வாய்க்கு ருசியா சாப்பிடறேன்.'"