நிழலை எழுதிக் கொடுத்தது யார்?

செஞ்சியில் அந்த நாளில் எத்தனையோ பத்திர எழுத்தர்கள் இருந்தோம். எழுதிய எழுத்தைக் கடவுளே வந்து கேட்டாலும் திருத்த மாட்டேன் என்பவர் எங்களில் ஒருவர்தான். பத்திரத்தின் கடைசியில் ‘அடித்தல் திருத்தல் இல்லை’ என்று எழுதுவது வழக்கம். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. ஒரு சொல் பிசகினாலும் முழுப் பத்திரத்தையும் புதிதாக எழுதுவார். பத்திரம் எழுத வந்த கட்சிக்காரர் அவலூர்பேட்டை பஸ்ஸை விட்டுவிட்டு விழித்துக்கொண்டிருப்பார். வீட்டில் கோபத்தில் “சோறு வேணாம்” என்று சொல்லிவிட்டால் போச்சு, அதைத் திருத்த மனம் வராமல் பட்டினி கிடப்பார்.

அவர் கிறிஸ்தவர். பைபிளிலும் அடித்தல் திருத்தல் இல்லை என்பார். நானோ அறுபதுகளின் புதுப் பகுத்தறிவுக்காரன், சும்மா இருப்பேனா? பதிவு ஆபீஸ் புளியமரத்தடியில் அவர் பெஞ்சு. எதிரே வெயிலில் என் எழுத்துப் பெட்டி. தினமும் சீண்டுவேன்.

“யோவ், ஒரு எடத்துல ரெண்டு குருடனுக்குப் பார்வை வந்துச்சுங்குது. இன்னொரு எடத்துல ஒரு குருடங்குது. எது நெசம்?”

“ரெண்டு பேரு இருந்தா அதுல ஒருத்தன் இருப்பானா மாட்டானா?”

“எழுதுனவன் மனுசந்தானே? மறந்திருப்பான்.”

“இன்னாய்யா பேசற? வல்லத்து ஊர்க்காரன் நெலத்துக்கு நான் பத்திரம் எழுதறேன். நெலம் என்னுதா? எழுதறவன் வேற, சொத்த எழுதிக் குடுக்கறவன் வேற. கடவுள் வார்த்தைன்னா காதுல விழுந்ததுமே தெரிஞ்சிடும்.”

அந்தக் காதைச் சோதித்துவிடுவது என்று முடிவு செய்தேன். பைபிளில் யாரும் அதிகம் படிக்காத ஒரு தீர்க்கதரிசி சொன்னது என்று புளுகி, எல்லார் முன்னாலும் ஒரு வரி வாசித்தேன்: “உன்னைப் பரிகசிக்கிறவனுக்கு உன் நிழலில் இடங்கொடு, அந்த நிழலை உண்டாக்கினவர் நானல்லவோ.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இமையோரம் ஈரம். புத்தகத்தைத் திறந்து சரிபார்க்கக்கூட இல்லை, என்னை நம்பினார்.

“இத்தினி வருசமா இதப் பாக்காம வுட்டுட்டனே. ஞாயித்துக்கெழம வல்லத்து ஜெபக்கூட்டத்துல நாந்தான் வாசிக்கணும். இதையே வாசிக்கறேன்.”

“வாசி, வாசி. காலைல டீக்கடைல குந்திக்கினு நான் எழுதுனது” என்றேன்.

மரத்தடியே சிரித்தது. அவர் குனிந்து எழுத ஆரம்பித்தார். சற்று நேரத்தில் ஒரு சொல்லை அடித்தார். அவர் அடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குச் சுருக்கென்றது.

கதை வல்லம் வரை போய்விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை சபையார் வேறொருவரை வாசிக்கச் சொல்லிவிட்டார்கள். முப்பது வருஷமாக அவர் வாசித்த இடம் அது. நான் செய்தது விளையாட்டு இல்லை, அயோக்கியத்தனம்.

திங்கட்கிழமை முகத்தைக் காட்ட முடியாமல் வெயிலிலேயே நின்றேன். அவர் பெஞ்சில் நகர்ந்து, பக்கத்தில் துண்டால் தூசி தட்டினார்.

“குந்துய்யா.”

“நான் பண்ணது தப்புய்யா. அத எழுதுனதே நாந்தான், அதுல இன்னா கடவுள் இருக்குது?”

“எழுதுனது நீதான். எழுதிக் குடுத்தது யாருன்னு உனக்குத் தெரியுமா?”

வெயிலை விட்டு மரநிழலுக்குள் வந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கடவுள் நம்பிக்கை எனக்கு இன்றுவரை வரவில்லை. அந்த வெட்கமும் போகவில்லை. அவர் மட்டும் இருந்தால், இன்றைக்கும் போய் அவர் நகர்ந்து கொடுத்த இடத்தில் உட்கார்ந்துகொள்வேன்.