அப்பா கைப்பக்குவத்தில் சிக்கன் மக்ரோனி

பாசமுள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கு நான், உன் அண்ணி, அம்மா மூவரும் சுகம். அங்கு நீ, மாப்பிள்ளை, என் மருமகள் மூவரும் இதைவிடச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நிற்க. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்காக நீ ஆசையோடு அனுப்பிவைத்த ஸ்லோ குக்கர் என்னும் மின்சாரச் சட்டியைத் தனிப் பார்சலில் உனக்கே திருப்பி அனுப்புகிறேன். தவறாக எண்ண வேண்டாம். சட்டியின் மேல் குற்றம் எதுவும் இல்லை. என் மேலும் பெரிதாக இல்லை. எங்கள் இருவருக்கும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிவிடுகிறேன். ஏனென்றால் உன் அண்ணி போன் போட்டு அவள் பாணியில் சொல்வதற்கு முன்னால் என் தரப்பு உன் கைக்கு வந்து சேர்ந்தாக வேண்டும்.

அப்பா போனதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை என்பது உனக்குத் தெரியும். எந்த அளவுக்கு என்பதை நான் போனில் சொல்லவில்லை, நீ பயந்துவிடுவாய் என்று. ரூமில் கொண்டுபோய்த் தட்டை வைத்தால் இரண்டு வாய். அதற்கு மேல் "போதும்டா, நிறைஞ்சிடுச்சு." கையில் போட்டிருக்கும் வளையல் கையைத் தூக்கினால் முழங்கை வரைக்கும் ஓடுகிறது. டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் ரத்தம் எடுத்து, படம் எடுத்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, வயசுதான்" என்றார். அம்மா விடுவாளா? "என் வயசு எனக்கே தெரியும். அதைச் சொல்றதுக்கு எதுக்குய்யா ஊசி குத்தினீங்க?" என்று கேட்டாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த பல்லின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் மட்டும் பழைய டெலிபோன் ஆபீஸ் ஆபரேட்டர் வாய்தான், தங்கச்சி, அதில் ஒரு குறைச்சலும் இல்லை. சாப்பாடுதான் உள்ளே போகமாட்டேன் என்கிறது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அம்மாவுக்குச் சாயங்கால ஷிப்ட் இருந்த நாட்களில் அப்பா நமக்குச் செய்துபோடுவாரே சிக்கன் மக்ரோனி, நினைவிருக்கிறதா? காலையிலிருந்து பஸ் ஓட்டிவிட்டு வந்து, காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாரே. "யாரும் உள்ள வரக்கூடாது, எண்ணெய் தெறிக்கும்." நாம் இருவரும் கதவுக்கு வெளியே காதை வைத்துக்கொண்டு நிற்போம். உள்ளே கரண்டிச் சத்தம், நடுவில் ராகமே இல்லாத ஒரு பாட்டு, மறுபடி கரண்டிச் சத்தம். பூண்டு வாசனை கதவிடுக்கு வழியாக வரும்போது நீ என் சட்டையைப் பிடித்து இழுப்பாய். பிறகு கதவு திறக்கும். முகமெல்லாம் வேர்வையோடு பெரிய சட்டியைத் துண்டால் பிடித்துக்கொண்டு அப்பா வருவார், ஒரு டபுள் டெக்கரைத் திருப்பிக்கொண்டு வருகிற மாதிரி. அந்தச் சின்ன டேபிளில் மூன்று பேர் முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு உட்காருவோம். ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும். கால் துண்டு எப்போதும் உனக்குத்தான். இன்றுவரை எனக்கு அதில் வருத்தம் உண்டு, சொல்லிவைக்கிறேன்.

"அப்பா செய்வாரே அந்தச் சிக்கன் மக்ரோனி, நான் செஞ்சு தரட்டுமாம்மா?" என்று கேட்டேன். அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. "செய்யேன், பார்க்கலாம்" என்றாள். அது போதாதா எனக்கு?

சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தேன். நீதான் போனில் சொன்னாயே: "அண்ணா, எல்லாத்தையும் உள்ள போடு, மூடு, மறந்துடு, சாயங்காலம் வந்து எடு. இதை உன்னால கூடக் கெடுக்க முடியாது." அந்தக் கடைசி வாக்கியத்தை நீ வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். கோழிக்கால், வெங்காயம், தக்காளி, தட்டிய பூண்டு, மிளகு, கொஞ்சம் பால். மக்ரோனியையும் போட்டுவிட்டேன், எல்லாத்தையும் என்றுதானே சொன்னாய். மூடினேன். பட்டனைத் திருப்பினேன். எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். சத்தமே இல்லை, தங்கச்சி. ஒரு உறுமல் இல்லை, விசில் இல்லை, விளக்குகூட இல்லை. நான் வாழ்நாள் முழுக்க லிப்ட் பழுது பார்த்தவன். சத்தம் போடாத மெஷின் ஒன்று கெட்டுப்போயிருக்கும், இல்லை கெடப்போகிறது என்பது என் அனுபவம். உள்ளே போனவர்கள் பாதியில் நின்று கத்தும்போதுதான் நமக்குத் தெரியும். கோழி கத்தாதே. கொஞ்ச நேரம் பொறுத்தேன். மூடியைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. மூடியைத் திறந்தால் சூடு போய்விடும், திறக்கவே கூடாது என்று நீ படித்துப் படித்துச் சொல்லியிருந்தாய். அதை நான் மீறவில்லை. அடிப்பக்கத்தைத் திறக்கக் கூடாது என்று நீ சொல்லவில்லையே!

உள்சட்டியைத் தனியாக எடுத்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, வெளிச்சட்டியை ஹாலுக்குக் கொண்டுவந்து சோபாவில் கவிழ்த்துப் போட்டு, ஸ்க்ரூ எல்லாம் கழற்றி, டூல் பெட்டியில் இருந்த அத்தனையையும் பரப்பி, டெஸ்டரை வைத்து ஒவ்வொரு ஒயராகப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. அந்த நேரம் பார்த்து உன் அண்ணி கிளினிக் கிளம்புகிற அவசரத்தில் ஹாலுக்கு வந்தாள்.

"என்னங்க இது?"

"கரண்ட் ஏறல. உள்ள என்னமோ கோளாறு."

"கோட்டு தேய்க்கிறதுக்கு நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன். மறுபடி சொருகிக்கோங்கன்னு சொன்னேனே, காதுல விழலையா?"

புதிதாக வேலைக்கு வருகிற பையன்களுக்கெல்லாம் நான் முதலில் சொல்லிக்கொடுத்த பாடம், "முதல்ல பிளக்கைப் பாருடா" என்பது. இதை அங்கே யாரிடமும் சொல்லாதே, முக்கியமாக மாப்பிள்ளையிடம்.

சரி, மறுபடி பூட்டினேன். ஒரு ஸ்க்ரூ மிச்சமாகிவிட்டது. அது அவ்வளவு முக்கியமான ஸ்க்ரூ இல்லை என்று நினைக்கிறேன். பிளக்கைச் சொருகினேன். இந்தத் தடவை சூடு ஏறியது. ஆனால் ஒரு தடவை நம்பிக்கை போய்விட்டால் போனதுதானே? ஏறுகிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பேன். மூடுவேன். மூடினதால் இறங்கிவிட்டதோ என்று மறுபடி திறப்பேன். மத்தியானம் திறந்தபோது மக்ரோனியைக் காணோம். நிஜமாகவே காணோம். கரண்டியை விட்டால் கரண்டி நட்டுக்கொண்டு நிற்கிறது. போஸ்டர் ஒட்டுகிற பசை இருக்குமே, அந்தப் பதம். அதில் கோழி பாதி புதைந்து கிடக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா பஸ் ஓட்டிக் களைத்து வந்து அரை மணியில் செய்கிற காரியம், நாள் முழுக்க வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறவனால் ஆகவில்லையே என்று இருந்தது. அவருடைய துண்டு என்னிடம்தான் இருக்கிறது. அதைத் தோளில் போட்டுக்கொண்டுதான் நின்றிருந்தேன். என்னவோ திருடிப் போட்டுக்கொண்ட மாதிரி கூச்சமாக இருந்தது, எடுத்துக் கீழே வைத்தேன்.

கோழித் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழுவிக் கரையேற்றி, பசையை வழித்துவிட்டு, புதிதாகத் தக்காளியும் பாலும் ஊற்றி மறுபடி வைத்தேன். தெருமுனைக் கடையில் வளைந்த மக்ரோனி தீர்ந்துவிட்டதாம். "பட்டாம்பூச்சி இருக்கு சார், சங்கு இருக்கு, ஸ்ப்ரிங் இருக்கு. எல்லாம் வயித்துக்குள்ள போனா ஒண்ணுதானே?" என்றான் கடைக்காரன். அவனிடம் என் குடும்ப வரலாற்றை விளக்கவா முடியும்? பட்டாம்பூச்சியை வாங்கிவந்தேன். அதைத் தனியாக வேகவைத்துக் கடைசியில் கலந்தேன். அந்த அறிவு அப்போதுதான் வந்தது.

சாயங்காலம் உன் அண்ணி வந்தாள். வழக்கமாக நான் சோபாவில் டிவி எதிரே சாப்பிடுவேன், அவள் கிளினிக்கிலேயே எதையாவது கொறித்துவிட்டு வந்திருப்பாள், அம்மாவுக்கு ரூமுக்குத் தட்டு போகும். அன்றைக்கு சோபா முழுக்க ஸ்பேனரும் ஒயரும். உட்கார இடமில்லை. ஜன்னலோரம் துணி மடித்துவைக்கிற அந்த டேபிளைக் காலிசெய்து, "எல்லாரும் இங்கயே உட்காருங்க, எனக்குப் பசி உயிர் போகுது" என்றாள். அம்மாவைக் கைபிடித்து அழைத்துவந்தேன். தட்டில் போட்டேன். அம்மா குனிந்து பார்த்தாள்.

"என்னடா இது, எல்லாம் கழுத்துல போ டை கட்டிக்கிட்டு வந்திருக்கு? எங்கயாவது விருந்துக்குப் போகுதா?"

"கடையில அதுதான்மா இருந்துச்சு. சாப்பிட்டுப் பாரு."

ஒரு வாய். மென்றாள். "உப்பு கம்மி" என்றாள். இரண்டாவது வாய். மூன்றாவது வாய்! உன் அண்ணி மேஜைக்குக் கீழே என் காலை மிதித்தாள், பேசாதே என்று. எனக்குத்தான் வாய் நிற்காதே.

"அப்பா செஞ்ச மாதிரி இருக்காம்மா?"

"உங்கப்பா எங்கடா செஞ்சாரு?" என்றாள் அம்மா, வாயில் கோழியோடு.

எனக்குப் புரியவில்லை. நினைவு தப்புகிறதோ என்று பயந்துபோனேன். அம்மாவோ நிதானமாக எலும்பைத் தட்டோரம் வைத்துவிட்டுச் சொன்னாள். "நான்தான் மத்தியானமே, நீங்க ஸ்கூல்ல இருந்து வர்றதுக்கு முன்னாடி செஞ்சு, கொதிக்கக் கொதிக்க மூடி, கம்பளியில சுத்தி, பெட்டிக்குள்ள வச்சிட்டு ஷிப்டுக்குப் போவேன். அது பாட்டுக்கு உள்ளயே வெந்துக்கிட்டிருக்கும். மக்ரோனி மட்டும் அவர் போடணும். அதையும் ரெண்டு தடவை குழைய விட்டாரு."

"அப்ப அந்தக் கரண்டிச் சத்தம்?"

"பேப்பர் படிப்பாரு. நடுவுல ஞாபகம் வந்தா பாத்திரத்தைத் தட்டுவாரு."

"முகமெல்லாம் வேர்த்திருக்குமே!"

"குழாய்த் தண்ணி."

தங்கச்சி, நான் கையில் இருந்த ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டேன். அம்மா தொடர்ந்தாள். "நான் ஷிப்டுக்குப் போக ஆரம்பிச்ச புதுசுல உன் தங்கச்சி வாசல்ல நின்னு கத்துவா. பஸ்ஸ்டாப் வரைக்கும் கேக்கும். ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் ஒருத்தரோட ஒருத்தரை இணைச்சு விடறேன், வீட்டுல இருக்கிற குழந்தையோட பேச எனக்கு ஒரு போன் கிடையாது. உங்கப்பாதான் சொன்னாரு: நீ போறதையே பார்த்துக்கிட்டிருந்தா அழத்தான் செய்வாங்க, அப்பா சமைக்கப் போறாருன்னு சொல்லிப்பாரு, நீ எப்படா கிளம்புவேன்னு இருப்பாங்கன்னு. அப்படித்தான் ஆச்சு. அடுத்த வாரமே நீங்க ரெண்டு பேரும், இன்னும் நேரமாகலையாம்மான்னு என் பையை எடுத்துக் கையில குடுத்தீங்க. படி இறங்கும்போது நான் அழுதேன். அது வேற விஷயம்."

உனக்கு ஒரு சாம்பல் நிறக் கம்பளி இருந்ததே, பூண்டு நாற்றம் அடிக்கிறது, போர்த்திக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடிப்பாயே. இப்போது புரிகிறதா?

"ராத்திரி வந்தா எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வச்சிருப்பாரு. காலையில எழுந்து வண்டி எடுக்கணும், ஆனாலும் தூங்காம எதிர்ல உட்கார்ந்திருப்பாரு. நீங்க முழிச்சிருந்தா உங்க காதுல விழற மாதிரி, ‘இன்னைக்கு ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க’ன்னு நான் சொல்லணும். நான் செஞ்சதை நானே பாராட்டணும்! அவரு அடக்கமா, ‘பரவாயில்ல, சுமார்தான்’ம்பாரு." அம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எதிர்ல ஆள் இல்லாம எனக்குச் சாப்பிட்டுப் பழக்கமில்லடா. நீங்க என்னடான்னா ஆஸ்பத்திரி மாதிரி தட்டைக் கொண்டாந்து ரூம்ல வச்சிட்டுப் போறீங்க" என்றாள்.

உன் அண்ணி எழுந்து தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் சமையலறையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் டேபிளிலேயே துடைத்துக்கொண்டேன், துண்டுதான் இல்லை. இத்தனை நாளும் டாக்டர், டானிக், மாத்திரை என்று அலைந்தோம். ஒரு நாற்காலியை இழுத்துப்போட யாருக்கும் தோன்றவில்லை. "இன்னும் கொஞ்சம் போடு. உப்பு போட்டுக் கிண்டிட்டுப் போடு" என்றாள் அம்மா. மூன்று பேர் முட்டியும் இடித்தது.

ஆகவே, தங்கச்சி, நான் எடுத்த முடிவு இதுதான். இனிமேல் நம் வீட்டில் அம்மாவின் பழைய முறைதான். கொதிக்கும் சட்டி, கம்பளி, பெட்டி. அதில் ஒரு அழகு இருக்கிறது, ஒரு பாசம் இருக்கிறது, கரண்டும் மிச்சம். பிளக்கை யாரும் பிடுங்கவும் முடியாது. நல்ல கம்பளி ஒன்று இன்றைக்கே வாங்கிவந்துவிட்டேன். மின்சாரச் சட்டி அட்டைப்பெட்டியில் கட்டித் தயாராக இருக்கிறது. மிச்சமான ஸ்க்ரூவை ஒரு காகிதத்தில் மடித்து உள்ளேயே வைத்திருக்கிறேன், மாப்பிள்ளை எங்காவது பொருத்திக்கொள்வார்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். மருமகளுக்கு மாமாவின் முத்தங்கள். எல்லா நலமும் பெற்று, நேரத்துக்குச் சாப்பிட்டு, நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: பார்சலை எதிர்பார்க்காதே, வராது. இக்கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கம்பளி என்ற இடம் வந்ததும் கையை நீட்டி நிறுத்தச் சொன்னாள். "வாராவாரம் அந்தக் கம்பளியை நனைச்சு, அடிச்சுத் தொவைச்சவ நான். அழகாம், பாசமாம்! இப்படி ஒரு மெஷின் அப்ப இருந்திருந்தா உங்கப்பாவையே அதுல போட்டு மூடி வச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, நான் அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய பெட்டியைக் கத்தரிக்கோலால் அறுத்து, சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இப்போது சமையலறைக் கதவு சாத்தியிருக்கிறது, என்னை உள்ளே விடவில்லை. நல்ல வாசனை வருகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூவரும் கட்டாயம் வர வேண்டும் என்று கதவுக்குப் பின்னாலிருந்து கத்துகிறாள், டேபிளில் இடம் போதாது என்று சொன்னேன், அதற்கு அவள், "இடிச்சுக்கிட்டு உட்காரட்டும்டா" என்கிறாள்.